கல்லூரி நூலகரின் உத்தியோகம்

1924-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்த சீர்காழி இராமாமிருத ரங்கநாதன், சென்னைச் சர்வகலாசாலையின் முதல் நூலகராகப் பதவியேற்றார். வகுப்பு நிறைய மாணவர்களை எதிரே வைத்துக்கொண்டு பேசிப் பழகியிருந்த அவருக்கு, ஒருவரும் வந்து ஒன்றும் கேளாத நிலையில் நாள் முழுவதும் அலமாரிகளின் நடுவே தனித்து உட்கார்ந்திருக்கும் அந்த உத்தியோகம் சில வாரங்களுக்குள்ளேயே சகிக்க முடியாததாகிவிட, பழைய ஆசிரியர் வேலையையே திருப்பித் தந்துவிடும்படி அதிகாரிகளிடம் போய் முறையிட்டார். லண்டனுக்குச் சென்று நூலகப் பயிற்சி பெற்று வருவது, வந்த பிறகும் மனம் ஒப்பவில்லையென்றால் கணித வகுப்புக்கே திரும்பிவிடுவது என்று ஓர் ஏற்பாடு ஆயிற்று. அவர் போனார்; 1925-இல் திரும்பி வந்தார்; அதன்பின் கணித வகுப்பை நாடவே இல்லை.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 12-ஆம் தேதி, தேசிய நூலகர் தினத்தன்று, இந்தச் சரித்திரத்தை மேடையில் சொல்லி மகிழ்வது நூலகத் துறையினருக்கு வழக்கம். ஆனால் ரங்கநாதன் எந்தத் தனிமையைத் தாங்கமாட்டாமல் வேலையையே விட்டுவிடத் துணிந்தாரோ, அதே தனிமைதான் நூறு ஆண்டுகள் கழிந்த பின்பும் நம் கலை, அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் நூலகரின் அன்றாட வாழ்க்கையாக இருந்து வருகிறது என்பதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. அவருக்குச் சகிக்க முடியாததாகத் தோன்றியது நமக்கு இயல்பாகிவிட்டது. நூலகர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்று மாணவரும் ஆசிரியரும் நிர்வாகமும், சில சமயங்களில் நூலகருமே, மனத்தைச் சமாதானம் செய்துகொண்டுவிட்டனர்.

லண்டனில் அவருடைய மனத்தை மாற்றியது எது? யூனிவர்சிடி கல்லூரியில் படித்துக்கொண்டே, குராய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைவராக இருந்த பெர்விக் சேயர்ஸ் என்பவரின் வழிகாட்டலில் பல நூலகங்களை அவர் சுற்றிப் பார்த்தார். குழந்தைகளுக்கும் தொழிலாளிகளுக்கும் கண்பார்வை இழந்தோருக்கும் என்று ஒவ்வொரு வகை வாசகரையும் நூலகங்கள் தாமே தேடிச் சென்று பணி செய்யும் காட்சியைக் கண்டபோது, தாம் சென்னையில் வெறுத்தது நூலகப் பணியை அன்று, நூலகப் பணி நடவாத ஓரிடத்தையே என்பது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். திரும்பி வந்தவர் சென்னையில் அலமாரிகளைத் திறந்து வைத்தார். நூலக நேரத்தை நீட்டினார். வாசகரோடு உட்கார்ந்து அவருடைய தேவையைக் கேட்டறிந்து உதவுவதற்கென்றே ஆட்களை நியமிக்கச் செய்தார். 1928-இல், அவருடைய பழைய கணித ஆசிரியரான எட்வர்டு ராஸ், நூலகச் செயல்களுக்கெல்லாம் அடிப்படையான கொள்கைகள் யாவை என்று அவர் தேடிக்கொண்டிருந்ததைக் கேட்டு, புத்தகம் உபயோகத்திற்கே உரியது என்ற கருத்தை மிகச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார் என்பதும், மற்ற நான்கு விதிகளும் அதனைப் பற்றிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்தன என்பதும் பிரசித்தமான செய்தி.

அந்த ஐந்து விதிகளும் 1931-இல் சென்னை நூலகச் சங்கத்தின் வெளியீடாக நூல் வடிவம் பெற்றன. நூலகப் படிப்புப் படித்தவர்களில் அவற்றை மனப்பாடம் செய்யாதவர் ஒருவரும் இரார். நூலைப் பிரித்துப் படித்தவர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். படித்தவர்களுக்குத் தெரியும், முதல் விதியின் கீழ் அவர் தத்துவம் பேசிக்கொண்டிருக்கவில்லை. நூலகம் எங்கே அமைய வேண்டும், எத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும், அதன் மேசை நாற்காலிகள் எப்படியிருக்க வேண்டும், அங்கே வேலை செய்வோர் எத்தகையவராக இருக்க வேண்டும் என்பவற்றையே விஸ்தாரமாக ஆராய்கிறார். ஒவ்வொரு புத்தகத்திற்கும் அதற்குரிய வாசகரைத் தேடித் தருவது பற்றிய மூன்றாம் விதியிலோ, திறந்த அலமாரி, அட்டவணை, வாசகருக்கு நேரில் உதவுதல் ஆகியவற்றோடு விளம்பரத்தையும், நூலகத்தின் சுவர்களுக்கு வெளியே சென்று செய்யும் விரிவுப் பணியையும் சேர்த்தே வைக்கிறார். அலமாரியில் இருக்கும் புத்தகத்திற்குக் காலும் இல்லை, வாயும் இல்லை. ஆதலால் அதன் பொருட்டு நடந்து சென்று பேச வேண்டிய கடமை நூலகருடையது. நூலகர் வெளியே செல்வதை ஏதோ மேல்நாட்டிலிருந்து நேற்று வந்திறங்கிய புதுமையைப் போலக் கருத்தரங்குகளில் இன்று பேசுகிறார்கள். திருவல்லிக்கேணிக் கடற்கரைப் பக்கத்தில் அது எழுதப்பட்டு ஒரு நூற்றாண்டு நிறையப் போகிறது. அதே 1931-ஆம் ஆண்டில்தான் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு சுற்றுப்புறக் கிராமங்களுக்குச் செல்லும் நூலகமும் புறப்பட்டது.

இப்போது நம் கல்லூரி ஒன்றின் நூலகத்தைப் பார்ப்போம். எந்தக் கல்லூரி என்று பெயர் சொல்ல வேண்டியதில்லை, பல ஊர்களுக்கும் பொருந்தும். பையை வெளியே வைத்துவிட வேண்டும். வாசலிலுள்ள பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். உள்ளே போனால் அலமாரிகளுக்குக் கண்ணாடிக் கதவு, கதவுக்குப் பூட்டு, சாவி மேசை இழுப்பறையில். மாணவருக்கு இரண்டு அட்டைகள் உண்டு, அவற்றைக் கொண்டு இரண்டு பாடப் புத்தகங்களை எடுத்துச் சென்று பரீட்சை வரையில் வைத்துக்கொள்ளலாம். நூலகம் காலை ஒன்பதரை மணிக்குத் திறக்கப்படும், அப்போதுதான் வகுப்புத் தொடங்கும். மாலை நாலரை மணிக்கு மூடப்படும், அப்போதுதான் வகுப்பு முடிந்து கல்லூரிப் பேருந்து புறப்படும். ஆகவே வகுப்பைத் தவறவிடுபவனைத் தவிர வேறு ஒருவனும் நூலகத்திற்குப் போக இயலாதபடி கால அட்டவணை வெகு கவனமாக அமைந்துவிடுகிறது. மூன்று ஆண்டுப் படிப்பில் நூலகரின் முகத்தை மாணவன் முதன்முதலாகக் காண்பது, பெரும்பாலும், கடைசிப் பருவத் தேர்வுக்கு நுழைவுச்சீட்டு வாங்குமுன் ‘நோ டியூஸ்’ படிவத்தில் கையெழுத்துப் பெறச் செல்லும் நாளில்தான்.

இதற்காக நூலகர்களைக் குறை கூறப் புகுந்தால் அது அநியாயமாக முடியும். அலமாரியைப் பூட்டுவது அவர்களுடைய குணத்தினால் அன்று, பயத்தினால். ஆண்டு இறுதியில் புத்தக இருப்புச் சரிபார்க்கும்போது, பதிவேட்டில் இருந்து அலமாரியில் இல்லாத ஒவ்வொரு புத்தகத்திற்கும் நூலகரே விலை கட்ட வேண்டியிருக்கும் என்ற அச்சம், பல இடங்களில் வாய்மொழியாகவும் சில இடங்களில் எழுத்து மூலமாகவும், அவர் தலைமேல் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஓய்வு பெறும் தறுவாயில் இந்தக் கணக்கு முடியாமல் ஓய்வூதியத்திற்கு அலைந்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த இளைய நூலகர், கதவைத் திறந்து வைப்பார் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் ஏது? புத்தகம் கொடுத்தால் தொலையலாம், கொடுக்காவிட்டால் தொலையாது, கொடுக்காமல் இருந்ததற்காக யாரும் மெமோ கொடுத்ததில்லை.

இந்த இடத்தில் நம் நிர்வாகிகள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. மத்திய அரசு 2017-இல் வெளியிட்ட பொது நிதி விதிகளின் 215-ஆம் விதி நூலகப் புத்தகங்களைச் சரிபார்ப்பது பற்றியது. இருபதாயிரம் புத்தகங்கள் வரையுள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு. அதற்கு மேல் ஐம்பதாயிரம் வரை மூன்றாண்டுக்கு ஒரு முறையேனும். அதற்கும் மேற்பட்டால் மாதிரி எடுத்துப் பார்த்தால் போதும் என்று அது சொல்கிறது. அத்தோடு நில்லாமல், ஓராண்டில் இரவல் கொடுக்கப்பட்ட அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து வீதம் காணாமற்போவது, நேர்மையின்மையாலோ அசிரத்தையாலோ நேராத பட்சத்தில், இயல்பான இழப்பே என்று ஒப்புக்கொள்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட விலையுள்ள நூலும் அரிய நூலும் மறைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இந்தக் கணக்கின் நுட்பத்தைச் சற்றே நிதானித்துப் பார்க்க வேண்டும்: ஆயிரத்துக்கு ஐந்து என்ற சலுகை நூலகத்தில் உள்ள புத்தகங்களின் தொகைக்கு அன்று, உபயோகப்பட்ட புத்தகங்களின் தொகைக்கு. நிறையக் கொடுத்த நூலகத்திற்கு நிறைய இழக்க அனுமதி உண்டு. ஒன்றும் கொடாத நூலகத்திற்கு ஒன்றும் இல்லை. நிதித் துறையின் விதியொன்று ரங்கநாதனின் முதல் விதியோடு இவ்வளவு நெருக்கமாகக் கைகோத்து நிற்பதைக் கண்டு எனக்கு ஆச்சரியமே உண்டாயிற்று. மத்திய அரசின் ஸ்தாபனங்களுக்காக எழுதப்பட்ட விதிதான் அது. ஆயினும் அதனைத் தம் கல்லூரிக்கும் ஏற்றுக்கொள்வதாக ஆட்சிக்குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றுவதை யார் தடுக்கப் போகிறார்கள்?

கதவைத் திறந்து வைப்பதோடு காரியம் முடிந்துவிடாது. பரம்பரையிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய மாணவியொருத்தி திறந்த அலமாரிகளின் நடுவே வந்து நின்றால், அந்த வரிசைகள் அவளுக்குப் பூட்டிய கதவைக் காட்டிலும் மிரட்சியை உண்டாக்கலாம். அவள் மேசையருகே வந்து, “சார், எகனாமிக்ஸ் புக் இருக்கா?” என்று கேட்பாள். இருக்கிறது என்று கையைக் காட்டி அனுப்பிவிடுவது ஒரு முறை. “என்னம்மா, செமினாரா, அசைன்மென்டா? எதைப் பற்றி?” என்று கேட்பது மற்றொரு முறை. அப்படிக் கேட்டால், சுய உதவிக் குழுக்களின் கடன் பற்றி வெள்ளிக்கிழமை வகுப்பில் பேச வேண்டியிருக்கிறது என்பாள். எந்த ஊர்க் குழுக்கள் என்று கேட்டால், தன் தாயே ஒரு குழுவில் இருக்கிறாள் என்பாள். அங்கிருந்து ஒரு நல்ல கட்டுரைக்குரிய பொருள் தானாக எழும். நூலகர் செய்ய வேண்டியதெல்லாம் அந்த மூன்று கேள்விகளைக் கேட்பதும், பிறகு எழுந்து அவளோடு அலமாரி வரையில் நடப்பதுமே. வாசகர் வாய்விட்டுக் கேட்பது ஒன்று, அவருக்கு வேண்டியிருப்பது வேறொன்று என்பதை உணர்ந்து, பேசிப் பேசி அந்த இரண்டாவதை வெளிக்கொணர்வதுதான் நூலகத் தொழிலின் உயிர்நிலை. கணிப்பொறி வந்தும் கைப்பேசி வந்தும், கேட்ட கேள்விக்கெல்லாம் கணத்தில் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு வந்தும், கேளாத கேள்வியை வருவித்துக் கேட்கும் இந்த வித்தைக்குத் தேவை குறையவில்லை.

புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு நூலகத்தை முறையாக அறிமுகம் செய்து வைப்பதையும் ரங்கநாதன் இந்தப் பணியின் ஓர் அங்கமாகவே வகுத்திருந்தார். இன்று அது முதல் வாரத்தில் இருநூறு மாணவர்களை வரிசையாக உள்ளே அழைத்துச் சென்று மறு வாசல் வழியாக வெளியே அனுப்புவதாகச் சுருங்கிப் போயிருக்கிறது. தேவை எழாத காலத்தில் சொல்லிக்கொடுப்பது மனத்தில் தங்காது. மூன்றாம் ஆண்டு மாணவர் திட்டக் கட்டுரைக்குத் தலைப்பு எடுத்துக்கொண்ட வாரத்தில், துறைப் பேராசிரியரும் நூலகரும் சேர்ந்து ஒரு மணி நேரம் அந்த வகுப்பிலேயே உட்கார்ந்து, தலைப்பை எப்படிச் சொற்களாகப் பிரித்துத் தேடுவது, கிடைத்தவற்றில் எதை நம்புவது, எடுத்தாண்டதை எவ்வாறு குறிப்பிடுவது என்று காட்டினால், அந்த ஒரு மணி நேரம் ஓராண்டுச் சுற்றறிக்கைகளுக்கு ஈடாகும்.

ஏனெனில் பணம் கொடுத்து வாங்கிய வசதிகளுக்கு இன்று குறைவில்லை. ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ என்ற திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்து, மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. முப்பது பதிப்பாளர்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள், 6,300-க்கு மேற்பட்ட அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் உள்ள சுமார் 1.8 கோடிப் பேருக்குக் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் நிலையம் அதனை நடத்துகிறது. கல்லூரிகளுக்கென்று அந்நிலையம் முன்பிருந்தே நடத்திவரும் என்-லிஸ்ட் என்ற ஏற்பாடும் உண்டு. இந்திய ஆராய்ச்சியேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஷோத்கங்காவோ யாரும் கட்டணமின்றிப் படிக்கத் திறந்தே கிடக்கிறது. இத்தனையும் இருக்க, நம் கல்லூரி மாணவர் பலருக்கு இவற்றின் பெயர்கூடத் தெரியாது. நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டு மழையில் நனைந்துகொண்டிருக்கும். ஆறாயிரம் கோடி ரூபாய்ச் சந்தாவை வகுப்பறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடைசிப் பத்து அடித் தூரத்தை நடப்பதற்கு ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதரின் இடத்தைக் காலியாக வைத்துவிட்டுச் சந்தாவைக் கட்டுவது என்ன பொருளாதாரமோ எனக்கு விளங்கவில்லை.

மேலும், அந்த ஆய்விதழ்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளவை. தமிழ் வழியில் வரலாறோ அரசியலோ படிக்கும் மாணவருக்கு அவற்றைக் காட்டிவிட்டு நம் கடமை தீர்ந்தது என்று இருந்துவிட முடியாது. 1960-களிலும் 70-களிலும் தமிழ் வழிக் கல்லூரிப் பாடங்களுக்கென்றே அரசு முயற்சியில் எழுதுவித்து வெளியிடப்பட்ட நூல்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கின்றன. ஈழத்துப் பத்திரிகைகளும் நூல்களும் நூலகம் நிறுவனத்தின் தொகுப்பில் இருக்கின்றன. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த களஞ்சியத்தின் மேல் எழும்பி நிற்கிறது. இவற்றின் இருப்பிடத்தை மாணவருக்குச் சொல்ல ஒருவர் வேண்டுமல்லவா? இதற்குச் சந்தாகூடத் தேவையில்லை. தமிழ் வழி மாணவருக்கு வேண்டிய மூலங்களின் பட்டியலைத் துறைதோறும் தயாரித்து, இரண்டு பக்கம் அச்சிட்டு, ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டு வருவது ஒரு நூலகர் ஒரு மாதத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை.

ஆய்வு மாணவர்களின் விஷயம் வேறு விதமாகக் கெட்டிருக்கிறது. கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த ஒழுங்குவிதிகளின்படி, பத்துச் சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனையில்லை. அதன் பயனாக நூலகர், ஆய்வேட்டை மென்பொருளில் இட்டுச் சதவீதம் சொல்லிச் சான்றிதழ் கொடுப்பவராகிவிட்டார்; ஆய்வாளரோ எழுதி முடித்த கடைசி நாளில் வந்து, பதினான்கைப் பத்தாக்க வழியுண்டா என்று கேட்கிறார். எழுதத் தொடங்கும்போதே மேற்கோள் காட்டும் மரபைச் சொல்லிக்கொடுத்திருந்தால் இந்தப் பேரம் எழுந்திராது. போலி ஆய்விதழ்களை விலக்குவதற்கு உதவியாக இருந்த கேர் பட்டியலையும் மானியக் குழு 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. எந்த இதழ் உண்மையானது, எது பணம் பறிப்பது என்று நிதானிக்கும் பொறுப்பு இனி அந்தந்த நிறுவனத்தையே சேர்ந்தது. அங்கே அதற்குப் பயிற்சி பெற்றிருப்பவர் நூலகர் ஒருவரே.

நூலகத்தைப் பிரபலப்படுத்துகிறோம் என்ற பெயரில் நடப்பவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆகஸ்டு மாதத்தில் பதாகை கட்டி, கோலப்போட்டியும் வினாடி வினாவும் நடத்தி, புத்தகத்தைக் கையில் பிடித்தபடி முதல்வர் நிற்கும் புகைப்படத்தை எடுத்துத் தர மதிப்பீட்டுக் கோப்பில் செருகிவிடுவதை வாசகரை நாடிச் செல்லும் பணியென்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தர மதிப்பீட்டுக் குழு, நாள்தோறும் எத்தனை பேர் நூலகத்திற்கு வந்தனர் என்று கேட்கிறது, நல்ல கேள்விதான். ஆனால் வந்தவர் தேடியது கிடைத்ததா, கிடைக்காமற்போனால் என்ன செய்யப்பட்டது என்பதை வாசற்பதிவேடு சொல்லாது. அதற்குப் பக்கத்தில், அன்றன்று கேட்கப்பட்ட கேள்விகளையும் கொடுக்கப்பட்ட விடைகளையும் குறித்து வைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால், நூலகத்தின் உண்மையான தரம் அதில் தெரிந்துவிடும்.

ஒற்றை ஆளாக இருந்துகொண்டு இத்தனையும் எப்படிச் செய்வது என்று நூலகர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு நியமன விதிகள் கல்லூரி நூலகரைக் கல்விப் பணியாளர் வரிசையில் வைத்து, உதவிப் பேராசிரியருக்குச் சமமான ஆரம்ப ஊதியத்தை விதித்திருக்கின்றன. காகிதத்தில் அவர் ஆசிரியர். கல்லூரியில் அவர், சேர்க்கைக் காலத்தில் விண்ணப்பம் வாங்குபவரும் தேர்வுக் காலத்தில் விடைத்தாள் எண்ணுபவருமாக இருக்கிறார். நிரந்தர நூலகரே இல்லாமல், வேறொரு துறை ஆசிரியர் கூடுதல் பொறுப்பாகச் சாவியை வைத்திருக்கும் கல்லூரிகளும் உண்டு. ரங்கநாதனைப் பெற்ற மாநிலத்தில், சுதந்திரத்திற்குப் பின் இந்தியாவிலேயே முதலாவதாக 1948-இல் பொது நூலகச் சட்டம் இயற்றி, வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்திவரும் மாநிலத்தில், சென்னையிலும் மதுரையிலும் மாளிகை போன்ற பொது நூலகங்களைக் கட்டியிருக்கும் மாநிலத்தில், கல்லூரி நூலகத்திற்கு ஒரு நூலகரும் ஓர் உதவியாளரும் இல்லை என்பதற்கு நிதி நெருக்கடியைக் காரணமாகச் சொல்வது பொருந்தாது.

காலியிடங்களை நிரப்புவது அரசின் கையில் இருக்கிறது. அது உடனே செய்யப்பட வேண்டும். எஞ்சியவை கல்லூரிகளின் கையிலேயே இருக்கின்றன. வரும் ஜூன் மாதத்தில் கல்லூரி திறக்கும்போது, ஒவ்வொரு துறையின் திட்டக் கட்டுரை வகுப்பிலும் நூலகருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கால அட்டவணையில் அவர் பெயரையும் எழுதுங்கள். நூலகத்தை மாலை ஏழு மணி வரை திறந்து வைத்து, ஒரு பேருந்தையாவது அதற்கேற்பத் தாமதமாக அனுப்புங்கள். ஆயிரத்துக்கு ஐந்து என்ற இழப்பை ஏற்றுக்கொண்டு அலமாரிச் சாவியை அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொல்லுங்கள். இவற்றுக்கு அரசாணை எதுவும் வேண்டியதில்லை. முதல்வரின் கையொப்பமும் ஆட்சிக்குழுவின் தீர்மானமும் போதும்.